ஓட்டுக் கூரையைப் பிடித்து நிறுத்துவது எது?

காவிரிப் படுகையில் ஓட்டு வீட்டைச் செப்பனிடும் பேச்சு வந்தால் முதல் கேள்வி மரத்தைப் பற்றியதாகவே இருக்கும். தேக்கா, வேங்கையா, பனங்கையே போதுமா, இடித்த வீட்டுப் பர்மா தேக்கு எங்கே கிடைக்கும், கன அடி என்ன விலை என்று வீட்டுக்காரரும் ஆசாரியும் இதிலேயே பாதி நாளைக் கழித்துவிடுவார்கள். மரத்தை மரத்தோடு எதைக் கொண்டு இணைப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். வந்தாலும், கடைக்கு ஆள் அனுப்பும்போது “மூணங்குலத்துல ரெண்டு கிலோ, நாலங்குலத்துல ஒரு கிலோ” என்பதோடு முடிந்துபோகும். இந்த வரிசை தலைகீழ் என்பதே என் வாதம். படுகையில் பழைய கூரை கெடுவது பெரும்பாலும் மரத்தின் நடுவில் இல்லை, மூட்டில். செப்பனிட்ட கூரை நிற்பதும் விழுவதும் அதே மூட்டில்தான். அந்த மூட்டுக்கு மூன்று விதமான வேலை உண்டு: மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவது, ஒரு மரம் இன்னொன்றின் மேல் வழுக்காமல் தடுப்பது, பிய்த்துக்கொண்டு போகாமல் பிடித்துக்கொள்வது. கம்பி ஆணி இவற்றில் இரண்டாவதை மட்டும்தான் ஒழுங்காகச் செய்யும். முதலாவதற்கு அது தேவையில்லை, மூன்றாவதற்கு அது போதாது.

முதலில் எந்தக் கூரையைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு வகைக் கூரைகள் இங்கே இருக்கின்றன. முற்றம் வைத்த வீடுகளில் சுவருக்கும் முற்றத்துத் தூணுக்கும் இடையே இடைவெளி குறைவு. கைமரங்கள் சுவரிலிருந்து தூண்மேல் உத்திரத்துக்கு நேராக இறங்கிவிடும். கூடம் அகலமாக இருந்தால் சுவருக்குச் சுவர் ஒரு தூலம் போட்டு, அதன் நடுவில் குத்துக்கால் நிறுத்தி, அதன் தலையில் முகட்டு உத்திரத்தை ஏற்றி, இரு பக்கமும் கைமரத்தைச் சாய்ப்பார்கள். இங்கே குத்துக்கால் தூலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாரம் முழுவதும் தூலத்தின் நடுவில் இறங்குகிறது, தூலம் வளைந்து அதைத் தாங்குகிறது. இரண்டாவது வகை, 19ஆம் நூற்றாண்டில் தேவாலயங்கள், பொதுப்பணித் துறைக் கட்டடங்கள், பள்ளிகள், பிறகு அரிசி ஆலைகள் ஆகியவற்றோடு பரவிய டிரஸ். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை 1861-62இல் ரயில் வந்ததும், 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதும், ரங்கூன் தேக்கு கப்பலில் வந்ததும் அகலமான கூரைகளுக்கு வழி திறந்தன. டிரஸிலும் நடுவில் ஒரு கம்பம் நிற்கும். ஆனால் அது தூலத்தின் மேல் நிற்கவில்லை. இரண்டு சாய்மரங்களும் அதன் தலையை நெருக்கிப் பிடித்திருக்க, அது தொங்குகிறது. கீழே உள்ள தூலத்தைத் தொய்யாமல் தூக்கிப் பிடிப்பதே அதன் வேலை. அதனால்தான் அந்தக் காலத்துக் கட்டடங்களில் நடுக்கம்பத்தின் அடியில் ‘ப’ வடிவ இரும்புப் பட்டை தூலத்தைச் சுற்றிவந்து, ஆப்பு வைத்து இறுக்கப்பட்டிருக்கும். பழுது பார்க்க வருபவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், துருப்பிடித்த பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பக்கவாட்டில் நாலு ஆணி அடித்தால், கூரை அன்றைக்கே விழாது. தூலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும், சாய்மரத்தின் அடி சுவரை வெளியே தள்ளும். சுவரில் விரிசல் வந்த பிறகு அஸ்திவாரத்தைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள்.

ஆணியே இல்லாமல் கட்டினார்கள் நம் முன்னோர் என்ற பெருமை அடிக்கடி காதில் விழும். அதில் பெரும்பகுதி உண்மை. ஒரு மரத்தின் நுனியைச் செதுக்கிக் கழுந்தாக்கி, இன்னொன்றில் துளை எடுத்து இறக்கி, குறுக்கே முளை அடித்து முடித்த மூட்டு பாரத்தை மரத்துக்கு மரம் நேரடியாகக் கடத்துகிறது. பாரம் கூடக்கூட மூட்டு இறுகும். முளை பாரத்தைத் தாங்குவதற்கு அல்ல, மூட்டு இடம் மாறாமல் வைப்பதற்கு. ஓடு சுமந்த கூரைக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. ஆனால் இந்த மூட்டு ஒரே ஒரு திசையை நம்பிச் செய்யப்பட்டது. பாரம் எப்போதும் மேலிருந்து கீழே வரும் என்று அது எடுத்துக்கொள்கிறது. கைமரம் சுவரின் மேல் கிடக்கும் கட்டையில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. கட்டை சுவரின் மேல் வெறுமனே கிடக்கிறது. கீழிருந்து ஒருவர் தூக்கினால் தடுக்க அங்கே ஓட்டின் எடையைத் தவிர வேறொன்றும் இல்லை. இதில் ஒரு முரண் உண்டு. கூலிக்காரர் குடிசையில் மூங்கிலும் வாரையும் தென்னங்கயிற்றாலும் பனைநாராலும் கட்டப்பட்டிருக்கும், அந்தக் கட்டு எந்தத் திசை இழுப்புக்கும் பதில் சொல்லும். மிராசுதாரின் ஓட்டு வீட்டில் அந்தக் கட்டு இல்லை. குடிசையின் கீற்று காற்றில் பறந்துவிடும் என்பது வேறு விஷயம். மூட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் குடிசையின் ஏற்பாடு முழுமையானது.

தூக்கும் விசை எவ்வளவு என்று ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 120 கி.மீ. காற்று என்றால் வினாடிக்கு 33 மீட்டர். பொறியாளர்கள் பயன்படுத்தும் வாய்பாட்டில் அந்த வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கி, வரும் நியூட்டனைக் கிலோவாக மாற்றினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ வருகிறது. கூரையின் சரிவு, வீட்டின் வாசல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். இறவாணத்திலும் மூலைகளிலும் நிச்சயம் கூடும். கணக்குக்காக இந்த 68 கிலோவே மேல்நோக்கி உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மங்களூர் ஓடு ஒன்று இரண்டரை கிலோ, சதுர மீட்டருக்குச் சுமார் 15 என்றால் 40 கிலோவை நெருங்கும். கைமரம், ரீப்பர் எல்லாம் 15 கிலோ. ஆக 55 கிலோ கீழே அழுத்த, 68 கிலோ மேலே தூக்குகிறது, மிச்சம் 13. மூன்று மீட்டருக்கு ஒன்றாக டிரஸ் வைத்து ஐந்து மீட்டர் அகலத்தை மூடிய கூரையில் ஒவ்வொரு டிரஸுக்கும் 15 சதுர மீட்டர் பங்கு. அதன் ஒவ்வொரு முனையையும் நூறு கிலோ அளவுக்குப் பிடித்து வைத்தால் போதும். இப்போது அதே மரங்களின் மேல் ஓட்டை இறக்கிவிட்டு இரும்புத் தகடு போடுங்கள். தகடு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ. கீழே அழுத்துவது 20 கிலோ, மிச்சம் 48. ஒவ்வொரு முனையிலும் 360 கிலோ. மரம் மாறவில்லை, சுவர் மாறவில்லை, காற்று மாறவில்லை. மூட்டின் மேல் விழும் இழுப்பு மட்டும் மூன்றரை மடங்காகிவிட்டது.

படுகையில் கடந்த சில பத்தாண்டுகளாக நடந்துவருவது இந்த மாற்றம்தான். ஓடு வேய ஆள் கிடைப்பதில்லை, குரங்கு ஓட்டைப் பெயர்க்கிறது, ஒழுகினால் ஆண்டுக்கு ஒருமுறை ஓடு மாற்ற வேண்டும். தகடு போட்டால் ஒரே நாளில் வேலை முடிந்தது. வீட்டுக்காரர் சொல்லும் இந்தக் காரணங்கள் எல்லாமே நியாயமானவை. ஆனால் ஓடு கூரைக்கு மூடி மட்டும் அல்ல, அதுதான் அந்தக் கூரையின் பிடிமானமும். பிடிமானத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதில் எதுவும் வைக்காமல் விடுவதுதான் தவறு. இதை நம் ஊர்க் கோயில் ஸ்தபதிகள் அறியாதவர்கள் அல்லர். கொள்ளிடத்துக்கு அக்கரையில் சிதம்பரத்துச் சித்சபையின் மரக்கூரை பொன் பூசிய செப்போடுகளால் வேயப்பட்டது. ஓடு 21,600, ஆணி 72,000 என்று மரபு ஒரு கணக்குச் சொல்கிறது. தத்துவ விளக்கத்தைத் தள்ளிவைத்து வெறும் தச்சுக் கணக்காகப் பார்த்தாலும் ஓட்டுக்கு மூன்று ஆணிக்கு மேல் வருகிறது. மண் ஓட்டைத் தன் எடை பிடிக்கும். மெல்லிய உலோகத்தை ஆணிதான் பிடிக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் இந்தப் பாடத்தை நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரே இரவில் நடத்திக் காட்டியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் விழுந்த தென்னைகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டது. கூரைகளைப் பற்றி நிவாரணத் தொகை அளவில்தான் பேச்சு நின்றது. உலகில் வேறு இடங்களில் ஒரு புயல் கூரை மூட்டைப் பற்றிய சிந்தனையையே மாற்றியிருக்கிறது. 1974 கிறிஸ்துமஸ் அதிகாலையில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை டிரேசி புயல் அடித்தபோது பெரும்பாலான வீடுகள் கூரை இழந்தன. ஆராய்ந்தவர்கள் கண்டது: தகடுகள் பல இடங்களில் ஒரே அடியில் கிழியவில்லை. காற்றின் விசை கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து ஆயிரக்கணக்கான முறை ஆட்டியதில் திருகாணியைச் சுற்றித் தகட்டில் வெடிப்பு விழுந்து, பிறகு தலையை விட்டுவிட்டுத் தகடு பறந்திருக்கிறது. ஒருமுறை இழுத்துப் பார்த்து ‘பிடிக்கிறது’ என்று சொல்வது போதாது என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு அங்கே ஆட்டி ஆட்டிச் சோதிக்கும் முறை விதிக்குள் வந்தது, தகட்டின் மேல் அகலமான வாஷர் வந்தது, கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை தொடர்ந்து இறங்கும் இரும்புக் கம்பி வந்தது.

ஆணிக்குத் திரும்புவோம். ஆணியைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. அதை எங்கே அடிக்கிறோம் என்பதே கேள்வி. இரண்டு பலகைகளைப் பக்கவாட்டில் சேர்த்து ஆணி அடித்து, பலகைகளை நீளவாக்கில் எதிரெதிராக இழுத்தால் ஆணி இரண்டு மரத்தையும் அழுத்தி, உள்ளுக்குள் வளைந்து, விட்டுக்கொடுத்து, பிடித்துக்கொள்ளும். திடீரென்று முறியாது. இந்த வளைவைக் கணக்காக மாற்றி 1949இல் எழுதியவர் டென்மார்க்கின் பொறியாளர் ஜோஹான்சன். இன்று ஐரோப்பிய விதிகள் அவருடைய சமன்பாடுகளைத்தான் அடிப்படையாகக் கொண்டுள்ளன. (1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன தேசம் நூறு ஆண்டு கழித்து நமக்கு அனுப்பிய பயனுள்ள சரக்கு இது.) நம் நாட்டிலும் ஆணி மூட்டுக்கு ஐ.எஸ். 2366, போல்ட் மூட்டுக்கு ஐ.எஸ். 11096 என்று தனித்தனி விதிநூல்கள் உண்டு. ஆனால் அதே ஆணியை அதன் நீளவாக்கில் பிடுங்கும் திசையில் இழுத்தால் அது மரத்தின் உராய்வை மட்டுமே நம்பி நிற்கிறது. ஈர மரத்தில் அடித்த ஆணி, மரம் காய்ந்த பிறகு தன் பிடியில் முக்கால் பங்கு வரை இழந்துவிடலாம். மரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நுனியில் இழைகளின் போக்கிலேயே அடித்த ஆணியைப் பிடுங்கும் விசைக்கு விதிநூல்கள் நம்புவதில்லை. கைமரத்தின் அடியில் சாய்வாக அடிக்கும் ஆணியும் காற்று தூக்கும்போது பெரும்பாலும் பிடுங்கும் திசையில்தான் நிற்கிறது. போதாக்குறைக்கு ஐப்பசி, கார்த்திகையில் நனைந்து சித்திரையில் காய்ந்து, ஆண்டுதோறும் மரம் விரிந்து சுருங்குவதில் ஆணி தானாகவே அரைக்கால் அங்குலம் வெளியே வந்து நிற்பதைப் பழைய வீடுகளில் பார்க்கலாம். மரம் கெட்டியாக இருந்தால் வேறு தொல்லை. காய்ந்த தேக்கிலோ வேங்கையிலோ துளை போடாமல் நாலங்குல ஆணியை இறக்கினால், ஆணி வளையும், இல்லையென்றால் மரம் இழையோடு பிளக்கும். ஆணியின் விட்டத்தில் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்கு முதலில் துளை போட வேண்டும். நல்ல ஆசாரிகள் இதைச் செய்கிறார்கள். நாள் கூலிக்கு அவசரப்படுத்தும்போது முதலில் விடுபடுவதும் இதுதான்.

படுகைக்கு உரிய தனிச் சிக்கல் ஒன்று உண்டு. எந்த மேலைநாட்டுக் கையேட்டிலும் அதற்கு விடை கிடைக்காது. இங்கே பாதிக் கூரைகளின் கைமரம் மரமே அல்ல, பனை. தொல்காப்பியத்தின் மரபியல் வயிரம் உள்ளே உள்ளதை மரம் என்றும் வெளியே உள்ளதைப் புல் என்றும் பிரித்தது. பனையும் தென்னையும் இரண்டாவது வகை. இந்தப் பாகுபாடு தாவர நூலுக்கு எவ்வளவு பயன்பட்டதோ, தச்சு வேலைக்கு அதைவிட அதிகம் பயன்பட வேண்டும். தேக்கில் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியைக் கழித்துவிட்டு நடுவயிரத்தில் ஆணி இறங்கினால் பிடிப்பு நன்றாக இருக்கும். பனங்கையில் கரிய வெளிச்சுற்று ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு இரும்புபோல் இருக்கும், உள்ளே சோறு. வெளியிலிருந்து அடிக்கும் ஆணி முதலில் கெட்டி நாரைப் பிளக்கிறது, பிறகு சோற்றில் போய் எதையும் பிடிக்காமல் நிற்கிறது. போல்ட் போட்டால், துளை சோற்றுப் பக்கமாக விழுந்துவிட்டால் இறுக்க இறுக்க வாஷர் உள்ளே புதைகிறது. நாலாய்ப் பிளந்த பனங்கையில் சரியான வழி, துளையை வயிரப் பக்கத்தில் துரப்பணத்தால் போடுவது, சோற்றுப் பக்கத்தில் அகலமான இரும்புத் தகட்டை வாஷராக வைப்பது, இழுப்பு வரும் இடத்தில் துளையே போடாமல் சுற்றிவரும் பட்டையாலோ கம்பியாலோ கட்டுவது. கயிறு போட்டு வாரை கட்டியவர்கள் இதைத்தான் செய்தார்கள்; பனைக்குக் கட்டு பொருந்தும், குத்து பொருந்தாது. கஜாவில் விழுந்த தென்னைகளை அறுத்து வீட்டுக்குப் பயன்படுத்த முடியுமா என்று அப்போது பலரும் கேட்டார்கள். முடியும், தூரின் வெளிப்பகுதியை மட்டும் எடுத்து, பனையைப் போலவே இணைத்தால்.

கெட்டுப்போன மரத்தை மாற்றும் முறைகளை இனிப் பார்க்கலாம். இங்கே எங்கே கெடும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். சுவருக்குள் புதைந்த முனை, காற்றுப் படாமல் ஈரம் தங்கி, கறையானுக்கு வழிவிட்டு முதலில் மக்கும். அடுத்தது முற்றத்தின் நான்கு மூலைகள். இரண்டு சரிவுத் தண்ணீரும் சேர்ந்து இறங்கும் மூலை வாரையின் மேல் தகரம் துருப்பிடித்த அன்றைக்கே அடியில் உள்ள மரத்தின் ஆயுள் எண்ணப்படத் தொடங்குகிறது. ஆக, பத்தடி மரத்தில் ஒன்பதடி நன்றாக இருக்கும், ஓரடி மக்கியிருக்கும். அந்த ஓரடிக்காக முழு மரத்தையும் மாற்றுவது வீண். முனையை வெட்டிவிட்டுப் புது மரத்தை ஒட்டலாம். ஒட்டும் இடத்தை நேராக வெட்டி, பக்கத்தில் இரண்டு பலகை வைத்து ஆணி அடிப்பது வழக்கம். சுமை குறைந்த ரீப்பருக்கு அது சரி. கைமரத்துக்கும் தூலத்துக்கும் சாய்வாக, மரத்தின் உயரத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு நீளத்துக்கு வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று படியவைத்து, ஊடே போல்ட் போட்டால்தான் வளைவைக் கடத்தும். தூலம் டிரஸின் பகுதியாக இருந்து இழுப்பைச் சுமந்தால், அந்தச் சாய்வெட்டுக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தகடும் வேண்டும்.

போல்ட் போட்டாயிற்று என்பதாலேயே மூட்டு பலமாகிவிடாது. நான் பார்த்த அளவில் மிகுதியான தவறு போல்ட்டின் தடிமனில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. அரையங்குலப் போல்ட்டை மரத்தின் நுனியிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் போட்டுவிட்டு நிம்மதியாக இறங்கிவருவார்கள். இழுப்பு வந்தால் போல்ட் அப்படியே இருக்கும், அதற்கும் நுனிக்கும் இடையே உள்ள மரத்துண்டு ஒரு முளைபோல் வெளியே தள்ளப்பட்டு வந்துவிடும். இழுப்பு வரும் நுனிக்கும் போல்ட்டுக்கும் இடையே குறைந்தது போல்ட்டின் விட்டத்தைப் போல ஏழு மடங்கு மரம் வேண்டும். அரையங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். ஒரே இழை வரியில் நாலு போல்ட்டை அடுக்கினால் அந்த வரியோடு மரம் பிளக்கும், ஆகவே மேலும் கீழுமாக மாற்றிப் போட வேண்டும். வாஷர் போல்ட்டின் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். கடையில் போல்ட்டோடு தரும் சின்ன வட்டம் மரத்துக்குச் செய்ததல்ல, இரும்புக்கு. பிறகு, பச்சை மரமோ அரைகுறையாகக் காய்ந்த மரமோ என்றால், முதல் கோடை முடிந்ததும் எல்லா நட்டுகளும் தளர்ந்திருக்கும். மீண்டும் ஒருமுறை ஏறி இறுக்க வேண்டும் என்பது வேலையின் பகுதி. ஒப்பந்தத்தில் அதை எழுதி வைக்காவிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

சரி, கைமரத்தைக் கட்டையோடு பட்டை போட்டுப் பிடித்தாயிற்று. கட்டையை யார் பிடிப்பது? சங்கிலியின் மற்ற கண்ணிகள் எல்லாம் இரும்பாக இருந்து கடைசிக் கண்ணி காற்றாக இருக்கும் வீடுகள்தான் இங்கே அதிகம். பழைய சுவர் செங்கல்லும் களிமண் சாந்தும், வசதியான வீட்டில் சுண்ணாம்பும். அதன் மேல் வரிசையில் நாலங்குல ஆழத்துக்கு ஒரு போல்ட் புதைத்தால் இழுப்பு வரும்போது போல்ட்டோடு இரண்டு செங்கல்லும் மேலே வரும். சாந்து பிடிக்காது, எடைதான் பிடிக்கும். மேலே சொன்ன 360 கிலோவைப் பிடிக்க எவ்வளவு சுவர் வேண்டும்? பதினான்கு அங்குலச் சுவரில் இரண்டடி நீளத்துக்கு எடுத்துக்கொண்டால் மூன்றடி ஆழம் வேண்டும். அந்தத் துண்டின் எடைதான் ஏறக்குறைய 350 கிலோ. ஆகவே கம்பி சுவரின் தலையிலிருந்து மூன்றடி கீழே இறங்கி, அங்கே குறுக்கே ஒரு தகட்டைக் கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். சுவரைத் துளைக்க மனம் இல்லையென்றால், உட்புறச் சுவரின் மேல் பட்டையாக இறக்கி, கீழே குறுக்காக ஒரு போல்ட்டால் சுவரைக் கடந்து வெளியே தகட்டில் முடிக்கலாம். பார்வைக்கு அழகில்லை. கூரை இல்லாத வீடும் அழகாக இருக்காது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மூன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். நூறு ஆண்டு ஆணியும் போல்ட்டும் இல்லாமல் நின்ற கூரைக்கு இப்போது ஏன் இந்த ஆடம்பரம் என்பது ஒன்று. நின்றவை மட்டும்தான் இன்று நம் கண்ணில் படுகின்றன. விழுந்தவை கான்கிரீட் வீடாகி எப்போதோ மறைந்துவிட்டன. நின்றவையும் ஓட்டோடு நின்றவை, வரிசை வீடுகளாகத் தெருவோடு ஒட்டி ஒன்றுக்கொன்று காற்றை மறைத்து நின்றவை. அக்ரகாரத்தில் நடுவில் இரண்டு வீட்டை இடித்துவிட்டால் மிச்சமுள்ளவற்றின் மேல் வீசும் காற்று பழைய காற்று அல்ல. மரபைக் காப்பாற்ற இரும்பைத் தொடக்கூடாது என்பவர்கள் திருவாரூர் ஆழித்தேரைப் பார்க்கலாம். படுகையின் மரவேலைக்கு அதைவிடப் பெரிய அடையாளம் இல்லை. அதற்கு இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனத்தின் கைவண்ணம். தேரின் பெருமை குறையவில்லை, ஓட்டம் பத்திரமாயிற்று.

இரும்பு துருப்பிடித்து மரத்தையும் அரிக்கும் என்பது அடுத்தது. இதை லேசாகத் தள்ள முடியாது. ஈர மரத்துக்குள் துருப்பிடிக்கும் ஆணி தன்னைச் சுற்றியுள்ள இழைகளைக் கருக்கி நொறுங்கச் செய்கிறது. சில ஆண்டுகளில் துளை பெரிதாகி ஆணி ஆடும். வேதாரண்யத்தின் உப்பளக் காற்றிலும், நாகை, தரங்கம்பாடிக் கரையிலும் துத்தநாகப் பூச்சும் சில ஆண்டுகளில் கரைந்துவிடும். ஆனால் இந்த வாதம் ஆணிக்கு எதிராகத்தான் கூர்மையாகப் பாய்கிறது, போல்ட்டுக்கு எதிராக அல்ல. புதைந்த ஆணியின் துரு கண்ணுக்குத் தெரியாது, மாற்றவும் முடியாது. ஊடே போகும் போல்ட்டின் இரண்டு முனையும் வெளியே தெரிகிறது, கழற்றி வேறு போடலாம். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் துருப்பிடிக்காத எஃகு, உள்நாட்டில் கெட்டியாகத் துத்தநாகம் தோய்த்தது என்று பிரித்துக்கொண்டால் செலவும் கட்டுக்குள் இருக்கும். பட்டையின் மடிப்பில் தண்ணீர் தேங்காமல் சரிவு வைப்பது எந்த உலோகத்தைவிடவும் ஆயுளைக் கூட்டும்.

மூன்றாவது, நவீனமானது: ஏன் இந்த ஆணியும் போல்ட்டும், மக்கிய பகுதியைச் சுரண்டிவிட்டு எபாக்ஸியை ஊற்றி உள்ளே கம்பியைப் புதைத்துவிடலாமே? ஐரோப்பாவின் பழைய கட்டடங்களில் இது அரை நூற்றாண்டாக நடக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது, பழைய மரமும் மிச்சமாகும். ஆனால் நம் ஊரில் சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்ஸி 50, 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் தகட்டுக்கு அடியில் உள்ள மரம் அந்த எல்லையை நெருங்கும். பிசின் ஈரத்தை உள்ளே அடைத்துவைத்து, ஒட்டிய இடத்துக்கு அடுத்த அங்குலத்தில் மக்கலைத் தொடங்கிவைக்கும் என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைத் திரும்ப எடுக்க முடியாது. 1964இன் வெனிஸ் சாசனத்தை ஒட்டி வளர்ந்த பாதுகாப்பு மரபு, இன்று செய்யும் பழுதை நாளை வருபவர் மரத்தைச் சேதப்படுத்தாமல் அகற்ற முடிய வேண்டும் என்று விரும்புகிறது. சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியின் பழைய வீடுகளை மீட்டெடுத்த இன்டாக் போன்ற அமைப்புகள் ஏற்கிற நெறியும் அதுதான். அந்த அளவுகோலில் கருப்பாகத் தெரியும் போல்ட் தலைதான் நேர்மையானது. சிற்பம் செதுக்கிய தூலத்தின் முனைக்கு மட்டும், கூரை ஓடாகவே இருந்தால் மட்டும், பிசினை ஒத்துக்கொள்ளலாம்.

செலவு என்ற மறுப்பு எப்போதும் இருக்கும், அதற்கான பதில் வரிசையில் இருக்கிறது. கையில் இருக்கும் பணத்துக்கு முழு வீட்டையும் செப்பனிட முடியாதவர்தான் படுகையில் பெரும்பாலோர். அவர் முதலில் செய்ய வேண்டியது மக்கிய கைமரத்தை மாற்றுவது அல்ல. மக்கிய கைமரம் பல மாதம் தொய்ந்து, ஓடு விலகி, ஒழுகி எச்சரித்துவிட்டுத்தான் விழும். அதற்கு அடியில் ஒரு முட்டு கொடுத்து ஓராண்டு ஓட்டலாம். கட்டப்படாத இறவாணம் எச்சரிக்காது. எனவே ஆடியில் பணம் கிடைத்தால், ஐப்பசி மழைக்கு முன் சுவர்க்கட்டையைச் சுவரோடும், இரண்டு கைமரத்துக்கு ஒன்றையாவது கட்டையோடும் பட்டை போட்டுப் பிடிக்க வேண்டும். திண்ணைப் பக்கத்து நீட்டலிலும் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றையும். தகடு போட்ட வீடாக இருந்தால் அதோடு ரீப்பரையும் கைமரத்தோடு திருகாணியால் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆணி அங்கே பிடுங்கும் திசையில்தான் நிற்கிறது. மூலை வாரையின் தகரம் அடுத்தது. மக்கிய முனைகளின் சாய்வெட்டும் போல்ட்டும் அறுவடைப் பணம் வந்த பிறகு, மாசியில், மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது செய்து கொள்ளலாம். அப்போது இறுக்கிய நட்டு தளர்வதும் குறைவு.